விஜயதசமியும் மூணாம் நம்பர் போர்ட்டும்

கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். கால் நீட்ட வேண்டியவர்கள் தாராளமாக நீட்டிக்கொள்ளலாம். ஒரு கம்ப்யூட்டரும் ஒரு மெஷினும் ஒரு நாள் காலையில் பேச்சை நிறுத்திக்கொண்ட கதை இது. அந்த இரண்டுக்கும் நடுவில் மெர்சி என்கிறவளின் நாற்காலி மாட்டிக்கொண்டது. பெரிய கதை என்று நினைக்க வேண்டாம், எல்லாம் ஒரு மணி நேரத்தில் நடந்து முடிந்ததுதான். ஆனால் சொல்லி முடித்த பிறகு கொஞ்ச நேரம் உங்களோடு இருக்கும் என்று நம்பிச் சொல்கிறேன்.

போத்தனூர் ஜங்ஷனில் ரயில் கூவினால் காதில் விழுகிற தூரத்தில் ஆறுச்சாமியின் பட்டறை இருந்தது. பம்பு செய்கிற கம்பெனிகளுக்கு அச்சுக் கடைந்து கொடுப்பார்கள். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், எல்லாவற்றுக்கும் பெரியதாக ஒரு மில்லிங் மெஷின். பெரியதுக்கு வயசு இருபத்தைந்துக்கு மேல். சொன்னபடி தானாகவே செதுக்கும், மயிரிழை பிசகாது. குறை ஒன்றுதான், அதற்கு ஞாபகசக்தி போதாது. நீளமான வேலை ஒன்றை முழுசாக மனசில் ஏற்றிக்கொள்ள அதனால் முடியாது. அதனால் பக்கத்துக் கண்ணாடி அறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, அங்கிருந்து ஒரு சாம்பல் நிற ஒயரை இழுத்து விட்டிருந்தார்கள். கடிதம் எழுதத் தெரிந்தவருக்கு இன்னொருவர் வரி வரியாகச் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டே போவார் இல்லையா, அப்படிக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, மெஷின் செதுக்கிக்கொண்டே போகும்.

இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவன் ஆறுச்சாமியின் தம்பி மகன் கிருபாசங்கர். அவன் புனேவுக்கு வேலைக்குப் போய்விட்டான். அதற்கப்புறம் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள் மெர்சி.

மெர்சிக்கு முப்பத்தேழு வயசு. அவள் அம்மா மாசாணம் ஆறுச்சாமியின் அப்பா தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவள். மெர்சி பட்டறைக்கு வந்தது பிசிறு எடுக்க. கடைந்து வருகிற இரும்பின் ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி நிற்கிற பிசிறை அரத்தால் தேய்த்து எடுக்க வேண்டும். ஒன்பது வருஷம் அதைச் செய்தாள், நின்றுகொண்டே. விரல் நுனி எல்லாம் கீறல். ஒரு நாள் ஆறுச்சாமி, "மெர்சி கண்ணு, ஆளு கெடைக்கற வரைக்கும் ஒரு வாரத்துக்கு அந்த பட்டனை அமுத்திக் குடு" என்றார். அந்த ஒரு வாரம் நாலு வருஷம் ஆகிவிட்டது. இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் மெஷின் எந்தச் சத்தத்துக்கு எந்த வரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். மகள் நவ்யா பள்ளிக்கூடப் படிவத்தில் அம்மாவின் தொழில் என்ற இடத்தில் 'கம்ப்யூட்டர் ஆபரேட்டர்' என்று எழுதியிருந்தாள். மெர்சி அந்தத் தாளைத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்தாள்.

அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது.

ஆயுதபூஜைக்கு இரண்டு நாள் முன்னால் ஆறுச்சாமியின் மனைவி மயிலாத்தாள் பட்டறைக்கு வந்தாள். வந்தவள் எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னாள்: "என்ற அண்ணன் புள்ள லோகப்பிரியா கம்ப்யூட்டர் படிச்சு முடிச்சுபோட்டா. நம்ம கம்ப்யூட்டர் இருக்கறப்ப அவ எதுக்கு ஊர் ஊரா வேல தேடோணும்? விஜயதசமியன்னைக்கு அவ கையில ஆரம்பிச்சுடலாம்."

ஆறுச்சாமி தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப மெர்சி?" என்றார்.

"மெர்சிக்கு என்ன? பிசிறு எடுக்க ஆளில்லைன்னு நீங்கதானே பொலம்பிட்டு இருக்கறீங்க."

மெர்சி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தாள். கேட்டும் கேட்காதவளாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆயுதபூஜை அந்தப் பட்டறையில் எப்படி நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். நகர்த்த முடிகிற எதுவும் அதன் இடத்தில் இருக்கக்கூடாது. ஸ்பேனரிலிருந்து கம்ப்யூட்டர் வரைக்கும் ஒயரைப் பிடுங்கி, துடைத்து, நடுக்கூடத்தில் வாழை இலை போட்டு வரிசையாக வைப்பார்கள். எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் மயிலாத்தாள் கையால்தான். அவள் கை தாராளமான கை. சந்தனத்தைத் தொட்டு வைக்கமாட்டாள், அப்பிவிடுவாள். கம்ப்யூட்டர் பெட்டிக்கு முன்னால் மூன்று பொட்டு, மேலே இரண்டு, பின்பக்கமும் விட்டுவிடக்கூடாது என்று அங்கே ஒரு உருண்டை.

மறுநாள் விஜயதசமி. காலையில் எல்லாவற்றையும் இடத்தில் வைத்து, நல்ல நேரத்துக்குள் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு வேலையாவது ஓட்டி நிறுத்த வேண்டும். பெரிய மெஷினுக்கு மட்டும் தனி வழக்கம். ஓர் அலுமினியத் தகட்டில் பிள்ளையார் சுழியும் அதைச் சுற்றிக் கொடியும் பூவும் செதுக்கி, சாமி படத்துக்குக் கீழே சுவரில் மாட்டுவார்கள். வருஷத்துக்கு ஒன்றாகப் பதினான்கு தகடு வரிசையாக இருந்தன. கடைசி நாலும் மெர்சி அனுப்பியவை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுப் பாடுகிறவளும், கொடியின் வளைவு சரியாக வரவில்லை என்று ஒரு வருஷம் இரண்டாவது தகடு கேட்டு வாங்கி ஓட்டியவளும் அவள்தான்.

அன்று காலை ஒயர்களை மாட்டினது மெர்சி. மெஷினுக்குப் போகிற ஒயரின் முனையைக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் கொண்டுபோனாள். வழக்கமான ஓட்டைக்குள் சந்தனம் புகுந்து சிமெண்டு மாதிரி இறுகிக் கிடந்தது. ஊசியால் குத்தினால் உள்ளே இருக்கிற மெல்லிசுத் தகடு ஒடிந்துபோகும். பக்கத்தில் அதே அளவில் இன்னும் மூன்று ஓட்டை இருந்தன. பென்டிரைவை எதில் சொருகினாலும் வேலை செய்கிறதே, எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து அடுத்த ஓட்டையில் சொருகிவிட்டாள்.

பத்தரைக்கு நல்ல நேரம் ஆரம்பம், பதினொன்றரைக்கு முடிவு. லேத் ஓட்டுகிற கௌதமன் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு முதல் லேத்தைப் போட்டான். இரண்டாவது லேத், டிரில்லிங் மெஷின் எல்லாம் ஓடின. கடைசியாக எல்லாரும் கண்ணாடி அறைக்கு வந்தார்கள். லோகப்பிரியா பட்டுப்பாவாடை தாவணியில் வந்திருந்தாள். இருபத்தொரு வயசு, ஒல்லியான பெண், வந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

"ஒக்காரு அம்மணி," என்று மயிலாத்தாள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். மெர்சி எழுந்து சுவரோரம் நின்றாள்.

"எந்த பட்டனுங்க?" என்று லோகப்பிரியா மெதுவாகக் கேட்டாள்.

"அந்தப் பச்சைங்க," என்றாள் மெர்சி.

லோகப்பிரியா அமுக்கினாள். பெரிய மெஷின் அசையவில்லை. திரையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்து வந்தது. மறுபடி அமுக்கினாள். அதே பெட்டி.

"போர்ட்டைத் திறக்க முடியலைன்னு சொல்லுதுங்க," என்றாள் லோகப்பிரியா.

"தேங்கா ஒடைக்கறதுக்கு முன்னாடியே எழுப்பிட்டமோ என்னமோ," என்றான் கௌதமன்.

ஆறுச்சாமி கிருபாசங்கருக்குப் போன் போட்டார். அணைத்து வைத்திருந்தான். அவன் அம்மாவுக்குப் போட்டால், விமானத்தில் இருக்கிறான், மத்தியானம்தான் இறங்குவான் என்றாள். ஆறுச்சாமி சுவரில் இருந்த பதினான்கு தகடுகளையும் ஒரு தடவை பார்த்தார். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஐம்பது.

"முந்தாநேத்து ஓடுன மெஷினு இன்னைக்கு எப்பிடிங்க ஓடாம போகும்?" என்றாள் மயிலாத்தாள். "ஒயரை மாட்டுனது யாரு?"

"நானுங்கம்மா," என்றாள் மெர்சி.

மயிலாத்தாள் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஊர்ப்பக்கம் அப்படித்தான், மனசில் இருப்பதை முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். சொல்லாமல் விடுவதிலேயே சொல்ல வேண்டியது வந்துவிடும். மெர்சிக்குக் காது மடல் சுட்டது. ஓட்டைக்குள் சந்தனம் இருந்தது என்று வாய்வரை வந்தது. பக்தியோடு வைத்த கையைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமே என்று விழுங்கிக்கொண்டாள்.

"சித்த நேரம் பொறுங்க, பாக்கறனுங்க," என்று மட்டும் சொன்னாள்.

பெரியவர்கள் வெளியே போனார்கள். கௌதமன் பெரிய மெஷினின் கரண்ட் பெட்டியைத் திறந்து பார்க்கப் போனான். அறையில் மெர்சியும் லோகப்பிரியாவும் மட்டும் இருந்தார்கள்.

"அக்கா," என்றாள் லோகப்பிரியா, குரலைத் தாழ்த்தி. "ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க அம்மணி."

"இத சரி பண்ணாம உட்ருங்களேன்."

மெர்சி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்குச் சென்னையில வேல கெடைச்சிருக்குதுங்க்கா. லெட்டர் வந்து பத்து நாளாச்சு. அப்பாகிட்டச் சொன்னேன், அத்தைகிட்டக் கேளுன்னு சொல்லிபோட்டாரு. அத்தைகிட்டச் சொல்ல எனக்குத் தைரியமில்லீங்க. இன்னைக்கு இது ஓடலைன்னு வெய்யிங்க, இவ கை ராசியில்லைன்னு அத்தையே என்னைய உட்டுரும். நான் பாட்டுக்குப் போயிருவேன். இந்தச் சேரும் உங்களுக்கே இருக்கும். யாருக்கும் நட்டமில்லீங்களே?"

கணக்குப் போட்டால் சரியாகத்தான் வந்தது. மெர்சி நாற்காலியின் முதுகில் கை வைத்திருந்தாள். ரெக்சின் கிழிந்த இடத்தில் அவளே ஒட்டின டேப்பு விரலில் பட்டது. ஒன்றும் செய்ய வேண்டாம். பதினொன்றரை வரைக்கும் சும்மா நின்றால் போதும். யாரையும் ஏமாற்றவில்லை, எதையும் உடைக்கவில்லை. சாயங்காலம் கிருபாசங்கர் போனில் வழி சொல்லுவான், நாளைக்கு மெஷின் ஓடும், அவள் உட்கார்ந்திருப்பாள். அரத்தைத் தொட வேண்டியதில்லை.

ஆனால் அந்த 'ராசியில்லை' என்ற சொல் அவளுக்குப் புதுசு இல்லை. அவள் அம்மா மாசாணத்துக்கு அது ஒரே ஒரு நாளில் வந்த பேர். மஞ்சள் நடவில் முதல் கிழங்கை அன்றைக்கு அவளை நடச் சொல்லியிருந்தார்கள். அந்த வருஷம் பார்த்து மஞ்சளில் அழுகல் விழுந்தது. அதற்கப்புறம் இருபது வருஷம், நடவு நாளில் மாசாணம் வரப்பு மேலேயே நிற்பாள். நாலு பேர் நட்டு முடித்த பிறகு, "இப்ப வா புள்ள" என்று கூப்பிடுவார்கள். கோபமாகக் கூப்பிட்டதில்லை, அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். அவள் அம்மாவும் சிரித்துக்கொண்டேதான் இறங்குவாள். செத்துப்போகிற வருஷம் நவ்யாவுக்கு முதல் சோறு ஊட்டக் கூப்பிட்டபோது, "எனக்கு வேண்டாங்கண்ணு, வேற யாராச்சும் நல்ல கையா ஊட்டட்டும்" என்று சொல்லிப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அப்போதுதான் மெர்சிக்குத் தெரிந்தது, ஊரார் சொன்னதை அம்மா நம்பவே ஆரம்பித்துவிட்டாள் என்று.

"அம்மணி," என்றாள் மெர்சி, "சென்னைக்குப் போனாலும் அந்தப் பேரு உங்களுக்கு முன்னாடி போயி உக்காந்துக்குமுங்க. நாளைக்கு ஒரு கல்யாணம், ஒரு குடிபோறதுன்னா, நீங்க சித்த தள்ளி நில்லுங்கன்னு சொல்லுவாங்க. கௌரவமாத்தான் சொல்லுவாங்க. எங்கம்மா அப்பிடி இருபது வருஷம் நின்னுச்சு. போறதுன்னா நல்ல பேரோட சொல்லிபோட்டுப் போங்க. இப்ப இத ஓட்டலாம் வாங்க."

"அப்புறம் உங்க சேரு?"

"அத அப்புறம் பாத்துக்கலாம். ஒயரை நான் இன்னைக்கு வேற ஓட்டையில சொருகியிருக்கறனுங்க. அதுல எதாச்சும் மாறுமா?"

லோகப்பிரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மாறுமுங்க்கா! ஒவ்வொரு ஓட்டைக்கும் கம்ப்யூட்டர் ஒரு நம்பர் குடுக்கும். இருங்க, அத பாக்கற எடம் எனக்குத் தெரியும்."

திரையின் கீழ் மூலையில் இருக்கிற ஸ்டார்ட் குறி மேல் சுட்டியை வைத்து அதன் வலது பொத்தானைத் தட்டினாள். ஒரு பட்டியல் எழுந்தது. அதில் டிவைஸ் மேனேஜர். அதைத் திறந்தால் கம்ப்யூட்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கிற சாமான்கள் அத்தனையும் குடும்பம் குடும்பமாக இருந்தன. போர்ட்ஸ் என்று ஒரு குடும்பம். அதை விரித்தாள். உள்ளே ஒரே ஒரு ஆள்: காம் அஞ்சு.

"அஞ்சா?" என்றாள் மெர்சி. "பச்சை பட்டனுக்குக் கீழ பொடி எழுத்துல மூணுன்னு இருக்குமுங்க. நாலு வருஷமா பாத்துட்டு இருக்கறேன், அது எதுக்குன்னே இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

"அதேதானுங்க்கா. அது மூணாம் நம்பர் கதவைத் தட்டுது. ஒயரு அஞ்சாம் நம்பர்ல நிக்குது."

காம் அஞ்சின் மேல் வலது பொத்தான், பிராப்பர்ட்டீஸ். மேலே வரிசையாக இருந்த தலைப்புகளில் போர்ட் செட்டிங்ஸ். அதில் அட்வான்ஸ்டு. அங்கே நம்பரை மாற்றுகிற இடம் இருந்தது. லோகப்பிரியா மூன்றைத் தேடினாள். மூன்றுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஏதோ எழுதியிருந்தது. கை நின்றுவிட்டது.

"மூணை வேற ஒருத்தர் வெச்சிருக்கறாங்கன்னு சொல்லுதுங்க்கா. மாத்துனா எதாச்சும் ஆயிருமோ?"

மெர்சி யோசித்தாள். இந்தக் கம்ப்யூட்டரில் வேறே ஒயர் எதுவும் கிடையாது. துடைத்தது அவள், மாட்டினது அவள்.

"வேற யாரும் இல்லீங்க. பழைய ஓட்டையில இருந்த இதே ஒயருதான். பஸ்ல துண்டு போட்டு எடம் புடிச்சுட்டு எறங்கிப் போன ஆளு மாதிரி. துண்டை எடுத்துப் போட்டு ஒக்காருங்க."

லோகப்பிரியா சிரித்துவிட்டாள். சம்மதம் என்று அமுக்கினாள். காம் அஞ்சு போய்க் காம் மூன்று வந்தது.

மணி பதினொன்று எட்டு. சிரிப்புச் சத்தம் கேட்டு ஆறுச்சாமியும் மயிலாத்தாளும் வாசலில் வந்து நின்றார்கள். லோகப்பிரியா பச்சையை அமுக்கினாள். இந்தத் தடவை கம்ப்யூட்டர் முரண்டு பண்ணவில்லை, வரிகளை அனுப்ப ஆரம்பித்தது. ஆனால் அரை நிமிஷம் கழித்துப் பெரிய மெஷினின் சின்னத் திரையில் சிவப்பாக எழுத்து மின்னியது. மெஷின் நகரவில்லை.

"சரி, உடு," என்றார் ஆறுச்சாமி. குரலில் பலம் இல்லை. "இந்த வருசம் இல்லைன்னு நெனைச்சுக்கலாம்."

"அதெப்பிடிங்க? பதினாலு வருசமா இருக்குது," என்றாள் மயிலாத்தாள். கண் கலங்கியிருந்தது. "என்ற கையால வெச்ச பூஜைல எதோ கொறை."

அந்த வார்த்தையைக் கேட்டதும் மெர்சிக்குத் தன் அம்மாவின் ஞாபகம் வந்தது. இவளும் தன் கையைத்தான் பார்த்துக்கொள்கிறாள். இவ்வளவு பெரிய வீட்டு அம்மாவும்.

"கொறையெல்லாம் இல்லீங்கம்மா," என்றாள். "இப்ப சத்தம் போய்ச் சேருது, ஆனா வெளங்கலை. சொல்றது மெஷினுக்குக் கேக்குது, புரியலை. அம்மணி, அந்த எடத்துல வேகம், கீகம்னு எதாச்சும் போட்டிருக்குதுங்களா?"

"இருக்குதுங்க்கா. போர்ட் செட்டிங்ஸ்லயே அஞ்சு வரி இருக்குது. புது ஓட்டைங்கறதால பழைய கணக்கு போயி, பொதுவா இருக்கறதுதான் வந்திருக்குது. ஆனா என்ன போடோணும்னு எனக்குத் தெரியிலீங்களே. காலேஜ்ல இருக்கறத அப்பிடியே உட்ருன்னுதான் சொல்லிக் குடுத்தாங்க."

"மெஷினுக்கு எப்பிடி வேணும்னு மெஷினே எழுதி வெச்சிருக்குமுங்க. நான் படிக்கறேன்."

மெர்சி கண்ணாடி அறையை விட்டு ஓடினாள். பெரிய மெஷினின் திரையில் பக்கம் பக்கமாகத் தள்ளினாள். நாலு வருஷமாக வேலை இல்லாத நேரங்களில், புரிகிறதோ இல்லையோ, அந்தப் பக்கங்களை எல்லாம் எழுத்துக் கூட்டிப் பார்த்தவள். பதினோராவது பக்கத்தில் நின்றாள்.

"வேகம் நாலாயிரத்து எண்ணூறு!" என்று கத்தினாள்.

"ஒம்பதாயிரத்து அறுநூறுன்னு இருக்குதுங்க்கா இங்க! மாத்திபோட்டேன்!"

"அப்ப ரெண்டு மடங்கு வேகமா பேசியிருக்குது. நம்ம கௌதமன் குடிச்சுபோட்டுப் பேசற மாதிரி."

"ஏனுங்க்கா, நான் எப்பங்க குடிச்சேன்?" என்றான் கௌதமன், மெஷினுக்குப் பின்னாலிருந்து.

"டேட்டா ஏழு!"

"எட்டு இருக்குது, ஏழாக்கிட்டேன்! அடுத்து பேரிட்டிங்க்கா, இங்க ஒண்ணும் வேண்டாம்னு இருக்குது."

மெர்சி எழுத்துக் கூட்டினாள். "ஈ, வி, ஈ, என்."

"ஈவன்! அது ஒவ்வொரு எழுத்தும் ஒழுங்கா வந்துச்சான்னு சரிபாக்கறதுங்க்கா."

"ஸ்டாப்பு ரெண்டு. ஒரு எழுத்து முடிஞ்சா சித்த நின்னு அடுத்ததச் சொல்லோணும் போல இருக்குது."

"ரெண்டாக்கிட்டேன். கடைசி, ஃப்ளோ கண்ட்ரோல்."

அதற்கு மெஷினில் எழுதியிருந்தது மெர்சிக்குப் பழக்கம். வேலை ஓடும்போது மெஷின் அடிக்கடி கம்ப்யூட்டருக்கு அனுப்புகிற குறி. "போதும் நில்லு, இப்ப சொல்லுன்னு மெஷின் கேட்டுக்கும் பாருங்க அம்மணி, எக்ஸ்ல ஆரம்பிக்கும், எக்ஸ்-ஆன்."

"இருக்குது! போட்டாச்சு! ஓகே குடுத்துட்டேன்."

பதினொன்று இருபத்தொன்று. லோகப்பிரியா பச்சையை அமுக்கினாள்.

பெரிய மெஷின் ஒரு தடவை மூச்சை இழுத்து விட்ட மாதிரி சத்தம் போட்டது. தண்டு சுழன்றது. தகட்டின் மேல் இறங்கி, பிள்ளையார் சுழியின் முதல் வளைவைத் தொட்டது. வெள்ளிப் பொடி சிதறியது. ஆறுச்சாமி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். மயிலாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு லோகப்பிரியாவின் கன்னத்தைப் பிடித்தாள்.

"பாத்தீங்களா? என்ற அண்ணன் புள்ள கை! திங்கக்கெழமையில இருந்து இங்கதான் அம்மணி நீயி."

லோகப்பிரியா மெர்சியைப் பார்த்தாள். மெர்சி மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடியின் வளைவு சரியாக வருகிறதா என்று.

"என்னதான் ஆச்சு மெர்சி?" என்று கேட்டார் ஆறுச்சாமி.

இப்போது சொல்லாவிட்டால் அடுத்த வருஷமும் இதே கூத்துதான். அது ஒன்று. இன்னொன்று, ஒரு பெண்ணைப் பார்த்து நல்ல பேரோடு சொல்லிவிட்டுப் போ என்று சொல்லிவிட்டுத் தான் மட்டும் விழுங்கிக்கொண்டு நின்றால் அது நியாயமா?

"தப்பு என்ற மேலதானுங்க," என்றாள் மெர்சி. "ஒயரை ஓட்டை மாத்திச் சொருகுனேன். பழைய ஓட்டையில சந்தனம் ஏறி இறுகிப்போச்சுங்க. அம்மா பக்தியா வெச்சது, அத எப்பிடிச் சொல்றதுன்னு வாயை மூடிட்டு இருந்துபோட்டேன். காலையிலயே சொல்லியிருக்கோணுங்க."

கௌதமன் டார்ச்சை எடுத்துப் பெட்டியின் பின்னால் அடித்துப் பார்த்தான். "ஆமாங்க, உள்ள ஒரு கோயிலே இருக்குது," என்றான்.

மெஷின் செதுக்கிக்கொண்டிருந்தது. மயிலாத்தாளின் முகம் சிவந்து, அப்புறம் வெளுத்தது.

அப்போதுதான் லோகப்பிரியா எழுந்து நின்றாள். "அத்தை, நானும் ஒண்ணு சொல்லிபோடறேன். சென்னையில எனக்கு வேல கெடைச்சிருக்குது. நான் அங்க போலாம்னு இருக்கறேன். உங்ககிட்டச் சொல்லத் தைரியமில்லாம, இது ஓடாமயே போகட்டும்னு நெனைச்சேன். சரி பண்ண வேண்டாம்னு அக்காகிட்டக் கேட்டேன். இந்த அக்காதான் முடியாதுன்னு சொல்லிபோட்டாங்க. அப்பிடி உட்டிருந்தா சேரு அவங்களுக்குத்தான் மிஞ்சியிருக்கும். அப்பிடியும் முடியாதுன்னாங்க."

மயிலாத்தாள் அந்தப் பெண் பக்கம் திரும்பினாள். "பத்து நாளா மனசுல வெச்சுட்டா இருந்த? நான் என்ன புலியா?" என்றாள். லோகப்பிரியா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆறுச்சாமி தொண்டையைச் செருமினார். "அப்பத் திங்கக்கெழமை இங்க யாரு ஒக்கார்றது?" என்றார். கேட்டது மனைவியை.

மயிலாத்தாள் நாற்காலிக்குப் போனாள். அதை இழுத்து, சுவரோரம் நின்றவளுக்கு நேராகத் திருப்பினாள்.

"எத்தன நேரந்தான் நின்னுட்டே இருப்ப? ஒக்காரு மெர்சி."

மெர்சி தயங்கினாள்.

"ஒக்காருன்னா ஒக்காரு. இது என்ன ஒரு வாரத்துக்குன்னு சொன்ன சேரா? உன்றதுதான்." அப்புறம் ஸ்டூல் ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "இப்ப அந்த டிவைசு கிவைசுன்னீங்களே, அத எனக்கொருக்கா காட்டு. எதெது எங்க இருக்குதுன்னு நானும் தெரிஞ்சுக்கறேன். எனக்குக் கண்ணாடி வேற கொண்டு வரலை, நீயே படிச்சுச் சொல்லு."

"நானும் எழுத்துக் கூட்டித்தானுங்கம்மா படிப்பேன்."

"மெதுவாவே படி. எனக்கென்ன ரயிலா போகுது?"

மெர்சி உட்கார்ந்தாள். சுட்டியைக் கையில் எடுத்து, ஸ்டார்ட் குறி மேல் வலது பொத்தானைத் தட்டினாள். பின்னால் பதினைந்தாவது தகட்டின் கொடி வளைந்து வளைந்து முடிந்துகொண்டிருந்தது.

கதை அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டில் இருப்பவர்கள் ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்குகிற வேகத்தில் பேசட்டும். சொல்ல வேண்டியதைப் பத்து நாள் நெஞ்சில் வைத்துத் தவிக்கிற பிள்ளை உங்கள் வீட்டில் இல்லாமல் போகட்டும். உங்கள் வாசலில் நுழைகிற எந்தக் கைக்கும் கெட்ட பேர் வராமல், நின்று வேலை செய்கிறவருக்கு உட்கார ஓர் இடம் கிடைத்து, சோறும் சிரிப்பும் குறையாமல், உங்கள் குடும்பம் நல்லா இருக்கோணும் சாமி, நல்லா இருக்கோணும்.